டிக்கெட் வாங்கிய தேதி

உறவுக்காரர்கள் எல்லாரும் அவரைச் 'சல்லிசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்திலும் விமான டிக்கெட்டிலும் மட்டும்தான் புழங்கியது. எதிலும் மலிவைத் தேடி அலைகிறவர் என்று முதலில் கேலியாக ஒட்டிய பெயர்தான், ஆனால் மனிதர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திவிட்டார். ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைக்கு ஆகாயத்தில் பறந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர் பறந்திருக்கிறார். பறந்த நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசிய நேரம் பத்து மடங்கு இருக்கும்.

மலிவு விமானத்தில் டிக்கெட் போடுவதை அவர் ஒரு தவமாகவே செய்வார். நான்கு இணையதளங்களைத் திறந்து வைத்துக்கொள்வார். பழைய தேடலையெல்லாம் அழித்துவிடுவார், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் நம் ஆசையை மோப்பம் பிடித்து விலையை ஏற்றிவிடுமாம். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல்தான் விலை இறங்கும் என்பார். ஏன் செவ்வாய் என்று கேட்டால் பதில் வராது, பார்வைதான் வரும். பிறகு கட்டங்கள். ஜன்னல் சீட் வேண்டுமா? வேண்டாம். சாப்பாடு? வேண்டாம். பெட்டி? வேண்டாம். காப்பீடு? விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம், வேண்டாம். ஒவ்வொரு வேண்டாமுக்கும் அவர் முகத்தில் ஒரு களை கூடும்.

இந்தத் திறமையால் அவர் வேலையே இல்லாத ஊர்களுக்கெல்லாம் மனைவியைக் கூட்டிப்போயிருக்கிறார். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால் போய் இறங்கினார், அன்றைக்குத்தான் டிக்கெட் மலிவு. கல்யாண வீட்டுக்காரர்கள் பெண்ணை வழியனுப்புவதற்குள் இவரை எப்போது வழியனுப்புவோம் என்று ஏங்கிப்போனார்கள். அதையும் அவர் 'நல்லா கவனிச்சாங்க' என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படி ஊரெல்லாம் பறந்த மனிதர் பெற்ற தகப்பனைப் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பா இருந்தது சல்லிசின் தங்கை வீட்டில். விமானத்தில் இரண்டு மணி நேரம். ஆனால் அந்தத் தடத்தில் மட்டும் விலை இறங்கவே மாட்டேன் என்றது. "அடுத்த மாசம் ஆஃபர் போடுவான்பா, வந்துடறேன்" என்று போனில் சொல்வார். அப்பாவும் "சரிடா" என்பார். நான்கு வருடத்தில் எத்தனை அடுத்த மாதம் வரும் என்று அப்பா கேட்டதில்லை.

மார்ச் பதினொன்றாம் தேதி காலை பதினொன்றேகால் மணிக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. சல்லிசு அப்போது அலுவலகத்தில் இருந்தார். பெயிண்ட் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு. எதிரே தகர டப்பா சப்ளை செய்கிறவர் உட்கார்ந்திருந்தார், இருவருக்கும் நடுவே மேசையில் ஒரு காலி டப்பா.

"அண்ணா, அப்பாவுக்கு நுரையீரல் ரொம்ப மோசமா இருக்காம். டாக்டர் தனியா கூப்பிட்டுச் சொன்னார்." தங்கை அழுதாள். "ரெண்டு மாசம் தாங்கினா பெரிசுங்கறார். அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லலை."

சல்லிசுக்கும் கண் கலங்கியது. இதை மறைக்க வேண்டியதில்லை, அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. டப்பாக்காரரை அனுப்பிவிட்டு இரண்டு நிமிடம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கை தானாகக் கம்ப்யூட்டர் பக்கம் போனது.

அன்றைக்கென்று பார்த்து அந்தத் தடத்தில் ஆஃபர் போட்டிருந்தான். நான்கு வருடமாகக் காத்திருந்த ஆஃபர். ஒரே நிபந்தனை, பயணம் மே மாதத்தில் இருக்க வேண்டும். அன்றே கிளம்பினால் அதன் பதினொரு மடங்கு.

மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் பதறிப்போய், "உடனே கிளம்பலாங்க" என்றாள்.

"இப்பப் போனா, அப்புறம் அதுக்கு ஒரு தடவை போகணும். ரெண்டு செலவு."

"எதுக்கு?"

அவர் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு நாள் குறிக்கிறீங்களா?" என்றாள்.

"நான் எங்க குறிச்சேன், டாக்டர் குறிச்சார்" என்றார் சல்லிசு.

கட்டைவிரலை விரல் கணுக்களில் வைத்து எண்ணினார். எந்தக் கணக்கும் அவருக்கு அங்கேதான் தொடங்கும். டாக்டர் சொன்னது அறுபது நாள். ஆனால் இருபது வருடம் கொள்முதலில் கொட்டை போட்டவருக்குத் தெரியாததா? எந்த சப்ளையராவது சொன்ன தேதிக்குச் சரக்கை இறக்கியிருக்கிறானா? அறுபது நாள் என்றால் அறுபத்தைந்து. ஆக, அறுபத்தாறாம் நாள் போய் இறங்கினால் சரியாக இருக்கும். மே பதினாறு போக, இருபது திரும்ப. ஒருவேளை முன்கூட்டியே ஆகிவிட்டால் இந்த மலிவு டிக்கெட் போனால் போகிறது, நஷ்டம் தாங்கக்கூடியதுதான். வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று எல்லாக் கட்டங்களையும் தட்டிவிட்டு, பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார். திருப்பித் தர முடியாது, தேதி மாற்ற முடியாது, பெயர் மாற்ற முடியாது என்று கீழே சிவப்பில் போட்டிருந்தது. அதெல்லாம் அவர் படிக்கிற வரிகள் அல்ல.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு புது மருந்து கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் தங்கை போன் செய்தாள். குரலில் பழைய துள்ளல்.

"அண்ணா, அப்பா இன்னிக்கு மாடிப்படி இறங்கினார்! தானா!"

"அப்படியா!" என்றார் சல்லிசு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் "சந்தோஷம்" என்பது வந்தது.

அன்று முதல் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். மூச்சு எப்படி, பசி எப்படி, டாக்டர் என்ன சொல்கிறார், வீக்கம் இருக்கிறதா. சரக்கு தாமதமானால் தினமும் விசாரிப்பது கொள்முதல்காரரின் பழக்கம். அந்தப் பக்கம் அப்பாவுக்கோ உள்ளம் குளிர்ந்துபோயிற்று. வருடக்கணக்கில் வாரம் ஒரு தடவை, அதுவும் மூன்று நிமிடம் பேசிய பிள்ளை இப்போது தினமும் கூப்பிடுகிறான். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் சொன்னார், மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். மருந்தைவிட இந்தப் போன்தான் தன்னை எழுப்பி உட்கார வைத்தது என்று தங்கையிடமே சொன்னாராம். தங்கை அதை அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மே பதினாறும் வந்தது. அப்பா காலையில் அரை மணி நேரம் நடக்கிறவர் ஆகிவிட்டார். டிக்கெட்டோ வீணாகப் போகப்போகிறது.

"வாங்கினதை எதுக்கு விடணும், போயிட்டு வருவோம்" என்றார் சல்லிசு.

"அவர் நல்லா இருக்கார்னு போறோம்னு சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"அதான், அதேதான்."

பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதால் துணிகளை உடம்பிலேயே ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம். மூன்று சட்டை, இரண்டு பேன்ட், மேலே ஒரு கோட்டு, கோட்டுப் பைகளில் உள்ளாடை, சவரப் பெட்டி, போன் சார்ஜர். மனைவியின் கைப்பையை சுருள்வில் தராசில் மூன்று முறை தூக்கிப் பார்த்தார். விமானம் ஊருக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல் வெளியில் போய் இறங்கியது. அங்கிருந்து பஸ். தங்கை வீட்டு வாசலில் போய் நின்றபோது மனிதர் குளித்தவர்போல் நனைந்திருந்தார்.

கதவைத் திறந்தது அப்பாவேதான். சவரம் செய்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். மகனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"என்னடா இப்படிக் கொதிக்குது? காய்ச்சலா?"

"இல்லப்பா. சட்டைதான்" என்று சொல்லிவிட்டு, சல்லிசு கூடத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தங்கை ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

துக்க வீட்டுக்கென்று எடுத்து வைத்த மங்கிய நிறத் துணிகளைத்தான் மனைவி அப்படியே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேண்டுமென்று செய்ததல்ல, கைக்கு வந்ததை எடுத்தாள். "ஏம்மா, பளிச்சுனு ஒண்ணு கட்டிக்கக் கூடாதா?" என்று மாமனார் கேட்டபோது அவள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். சல்லிசு தன் பார்வையைச் சுவரில் இருந்த நாட்காட்டியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. தங்கை பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள். கூடத்தின் ஒரு மூலை முழுக்க நீலத் துணி, நடுவில் தையல் இயந்திரம். அதன் சத்தத்துக்கு மேலே அப்பா ஓயாமல் பேசினார். தன் கட்டிலை மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "சொன்னேனே, என் பையன், என்னைப் பாக்கறதுக்குன்னே வந்திருக்கான்" என்று நிறுத்திக் காட்டினார். சல்லிசுக்கு முதல் தடவை கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை இதமாக இருந்தது. மூன்றாம் தடவை, நாம் அப்பாவைப் பார்க்கத்தானே வந்தோம் என்று அவரே நம்பிவிட்டார். வந்த காரணம் மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் இருந்துவிட்டால் போதும், இந்த நல்ல பிள்ளை வேஷத்தோடேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த நான்கு நாளில் அவர் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

ஆனால் அப்பா சாதாரண அப்பா இல்லை. முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்.

"எல்லாரும் பயணத் தேதியைத்தான் பார்ப்பாங்க. நான் அதைப் பார்க்கவே மாட்டேன். டிக்கெட் வாங்கின தேதி இருக்கு பாரு, அதைத்தான் முதல்ல பார்ப்பேன். ஆளோட கதை அதுலதான் இருக்கு" என்றார் இரண்டாம் நாள் சாப்பிடும்போது. "ஒரு தடவை ஒருத்தன் டிக்கெட்டே இல்லாம ஏறிட்டான். கால்ல செருப்புக்கூட இல்லை. அம்மாவுக்கு முடியலைனு தகவல் வந்ததும் அப்படியே ஓடி வந்திருக்கான். அபராதத்தை நான்தான் கட்டினேன்."

"விதிப்படி இறக்கி விட்டிருக்கணும்ல?" என்றார் சல்லிசு, மோரைக் குடித்துக்கொண்டே.

"விட்டிருக்கணும்தான்" என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் பிற்பகல். அப்பா கையை நீட்டினார். "பிளேன் டிக்கெட்டை நான் பார்த்ததே இல்லையேடா. காட்டு, எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

வேறு யாராக இருந்தாலும் போனில் ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சல்லிசோ அலுவலகத் தாளில் அச்சடித்து, நான்காக மடித்து, பையில் வைத்திருக்கிறவர். விமான நிலையத்தில் அச்சடித்தால் காசு கேட்பார்கள். எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையை இழுத்துக்கொள்வதற்குள், அப்பா எதை முதலில் பார்ப்பார் என்பது அவருக்கு நினைவு வந்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். விரல் மேலிருந்து கீழே வராமல் நேரே ஓர் ஓரத்துக்குப் போய் நின்றது. அந்த விரலுக்கு முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.

"மார்ச் பதினொண்ணு" என்றார்.

"ஆஃபர் போட்டிருந்தான்பா. அதான் முன்னாடியே..."

"அன்னிக்குத்தான் டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் நின்னு இவகிட்ட ரெண்டு மாசம்னு சொன்னார். எனக்கு நுரையீரல்தான்டா கெட்டுப்போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

தையல் இயந்திரம் நின்றது.

"பதினொண்ணு அம்பத்திரண்டுனு மணியும் போட்டிருக்கு" என்றார் அப்பா. "இவ உனக்கு எத்தனை மணிக்குச் சொன்னா?"

தங்கைதான் சொன்னாள். "பதினொண்ணேகால் இருக்கும்பா." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்போ தினமும் போன் பண்ணி விசாரிச்சது இதுக்குத்தானாண்ணா? டிக்கெட் வீணாயிடுமோன்னா?"

"அப்படி இல்லைம்மா..."

"எப்படின்னு சொல்லுங்களேன், நானும் கேட்டுக்கறேன்" என்றாள் மனைவி. ஒருவரும் அவரைக் காப்பாற்ற வரவில்லை.

"முப்பத்தேழு நிமிஷம்" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் சொன்னார். பிறகு, "போறது பதினாறு, திரும்பறது இருபது. நாலு நாள் போதும்னு வெச்சுக்கிட்டியா? சரிதான். போதும்" என்றார். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து மகனிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார்.

சல்லிசுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. 'நான் உங்கள் மேல் பாசம் இல்லாதவன் இல்லை' என்று சொல்ல நினைத்தார். அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் தாளில் அச்சாகியிருந்தது வேறு உண்மை. அன்று முழுவதும் அப்பா அவரிடம் சாதாரணமாகவே பேசினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள், பத்தொன்பதாம் தேதி காலை, அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். முதலில் வங்கி, பிறகு கடைத்தெருவில் ஒரு பயண ஏஜென்ட் அலுவலகம். திரும்பி வந்தபோது தங்கையின் முகம் வீங்கியிருந்தது. என்ன என்று அண்ணி கேட்டாள். "அப்பாகிட்டயே கேளுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தையலில் உட்கார்ந்துவிட்டாள்.

இருபதாம் தேதி வாசலில் அப்பா சொல்லிவைத்த வாடகைக் கார் வந்து நின்றது. சல்லிசு மறுபடியும் மூன்று சட்டைக்குள் நுழைந்திருந்தார். அப்பா படியிறங்கிக் கார்வரைக்கும் வந்து, கோட்டுப் பையில் ஓர் உறையைச் செருகினார்.

"என்னப்பா இது?"

"டிக்கெட். உன் ஊர்லேர்ந்து இங்க வர்றதுக்கு, உன் பேர்ல போட்டிருக்கேன்."

"எனக்கு எதுக்குப்பா? நான்தான் சல்லிசா..."

"இது சல்லிசு இல்லை. இருக்கறதுலயே எது ஒசத்தியோ அதைக் கொடுங்கன்னு கேட்டு வாங்கினேன்." பயணிக்கு விதியை எடுத்துச் சொல்லும் அதே குரலில் அப்பா நிதானமாகச் சொன்னார். "ஒரு வருஷம் செல்லும். தேதியை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம், ஒரு பைசா கேட்கமாட்டாங்க. டாக்டர் சொல்றதையும் மருந்துக்கு உடம்பு கேட்கறதையும் நம்பி நீ இனிமே கணக்குப் போட்டு அவஸ்தைப்பட வேணாம். எப்பத் தகவல் வருதோ அப்ப வா."

சல்லிசு கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா விசாரிச்சுட்டேன்" என்றார் அப்பா. "நான் உயிரோட இருக்கும்போது வந்தாலும் செல்லுமாம்."

சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக நின்று மூச்சு வாங்கி, உள்ளே போய்விட்டார்.

கார் கடைத்தெருவைத் தாண்டியது. சல்லிசு உறையைப் பிரித்தார். முதலில் விலையைத்தான் பார்த்தார். அவருடைய டிக்கெட்டைப்போல் இருபத்திரண்டு மடங்கு. அப்பாவின் ஓய்வூதியம் எத்தனை மாதத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு உண்மையாகவே வலித்தது. மனைவி எட்டிப் பார்த்து, கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தாள்.

"ரத்து செஞ்சா முழுப் பணமும் திரும்பி வரும்னு போட்டிருக்குங்க."

"ம்" என்றார் அவர். அந்த வரியை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். விலைக்கு அடுத்தபடியாகக் கண் போனது அங்கேதான். வாழ்நாளில் முதல்முறையாகச் சின்ன எழுத்தைப் படித்திருக்கிறோம், அதுவும் இதை, என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தாளை மடித்து, இரண்டாம் சட்டையின் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"அப்போ எந்தத் தேதிக்கு மாத்தப் போறீங்க?" என்றாள் மனைவி.

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரமே வந்துவிட வேண்டும் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. ஆனால் ஒரு வருடத்துக்கு இருப்பதோ ஒரே டிக்கெட். அதை அடுத்த வாரமே செலவு செய்துவிட்டால் அப்புறம்? அப்பா முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. நடை பரவாயில்லை. படியேறும்போதுதான் கொஞ்சம் நின்று நின்று...

மனைவி அவருடைய கையைப் பார்த்தாள். முழங்கால் மேல் கிடந்த அந்தக் கையில் கட்டைவிரல் ஒவ்வொரு கணுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"எண்ணாதீங்க" என்றாள்.

அப்போது அவர் அக்டோபர்வரை வந்திருந்தார்.